கவட்டில் பட்ட பந்தும் ஐந்தாவது ஓட்டும்

(நகைச்சுவையும் திறனாய்வும் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நகைச்சுவையும் திறனாய்வும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் நூல், அதை நூல் என்று சொல்லலாம் என்றால், மிகச் சிறியது. சில விநாடிகளே ஓடும் ஒரு நகைச்சுவைப் படம். ஒருவர் நிற்கிறார். பந்து ஒன்று வந்து அவர் கவட்டில் படுகிறது. படம் முடிந்தது. இந்தப் படம் எந்தத் திரையரங்கிலும் வெளியானதில்லை. 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க அசைபடத் தொடருக்குள், அந்தத் தொடரின் பாத்திரம் ஒன்று எடுத்ததாகக் காட்டப்படும் கற்பனைப் படம் அது.

இதற்கு ஒரு மணிநேரமா என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் நினைக்கலாம். சிரிப்பை எப்படி மதிப்பிடுவது, யார் மதிப்பிடுவது, அழவைக்கும் கலையின் பக்கத்தில் அதற்கு எந்த இடம் என்ற கேள்விகளை இந்தச் சில விநாடிகளைப் போல நேராகப் போட்டு உடைத்த படைப்புகள் குறைவு. அதனால்தான் துணிகிறேன்.

1. ஊரும் விழாவும்

'தி சிம்ப்சன்ஸ்' ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கியது. ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர். அங்கே அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர், அவர் மனைவி மார்ஜ், மூன்று பிள்ளைகள். நாம் பேசப்போகும் பகுதி ஆறாவது பருவத்தில் வந்தது. பெயர் 'எ ஸ்டார் இஸ் பர்ன்ஸ்'. 1995 மார்ச் 5ஆம் நாள் ஒளிபரப்பானது. எழுதியவர் கென் கீலர், இயக்கியவர் சூசி டீட்டர்.

ஊருக்கு வெளியே நல்ல பெயர் இல்லை. அதைச் சரிசெய்ய ஒரு திரைப்பட விழா நடத்தலாம் என்கிறார் மார்ஜ். நடுவராக நியூயார்க்கிலிருந்து ஜே ஷெர்மன் என்ற விமர்சகர் வருகிறார். கையில் விருதுகள், நாக்கில் நஞ்சு. எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'நாறுகிறது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர். சிம்ப்சன் வீட்டிலேயே தங்குகிறார். அவருடைய அறிவுக்கு முன்னால் தன்னை மனைவி மட்டமாக நினைக்கிறாளோ என்று ஹோமருக்கு உறுத்துகிறது. தன்னையும் நடுவராகப் போடச் சொல்கிறார். மார்ஜ் சேர்த்துக்கொள்கிறார். மார்ஜ், விமர்சகர், ஊர் மேயர் குவிம்பி, தொலைக்காட்சிக் கோமாளி க்ரஸ்டி, ஹோமர் என்று ஐந்து பேர் கொண்ட குழு ஆகிறது.

ஊரே படம் எடுக்கிறது. மளிகைக்கடை அப்பு தன் கடைக் கண்காணிப்புக் கேமராவில் பதிவானதையே படமாக்கித் தருகிறார். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ், தன் புகழ்பாட ஒரு பிரம்மாண்டப் படம் எடுக்கிறார். ஸ்பீல்பெர்க் கிடைக்காததால் 'சென்யோர் ஸ்பீல்பெர்கோ' என்றொருவரை இயக்குநராகப் பிடித்துக்கொள்கிறார். ஊரின் குடிகாரர் பார்னி, தன் குடியைப் பற்றிக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுக்கிறார். ஹான்ஸ் மோல்மன் என்ற தள்ளாத மனிதர் எடுத்ததுதான் நம் படம். 'மேன் கெட்டிங் ஹிட் பை ஃபுட்பால்' என்று பெயர். பந்தடி படும் மனிதன். இங்கே பந்து என்பது அமெரிக்கர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, இரண்டு முனையும் கூரான பந்து. எந்த முனை எங்கே படுகிறது என்பது கதைக்கு முக்கியம்.

ஹோமருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போட்டி முடிந்தது, பத்தாயிரம் டாலரை அந்த ஆளுக்குக் கொடுங்கள் என்று கத்துகிறார். இது வீட்டு வீடியோப் போட்டி இல்லை என்று விமர்சகர் எரிச்சல்படுகிறார். ஹோமர் விடவில்லை. பந்து, கவடு, இந்தப் படம் எத்தனையோ தளங்களில் இயங்குகிறது என்று வாதாடுகிறார்.

'பல தளங்களில் இயங்குகிறது' என்பது நாம் எல்லோரும் மதிப்புரைகளில் எழுதும் வாசகம். படத்தில் ஒரே ஒரு தளம்தான் இருக்கிறது என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். திறனாய்வின் தேய்ந்த சொல்லை ஹோமர் வாயில் வைத்ததில் எழுத்தாளர்களுக்குக் குறும்பு இருக்கிறது. ஆனால் ஹோமரை மட்டும் கேலி செய்ய அதை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தனக்குப் பிடித்ததைப் பாதுகாக்க ஒருவருக்கு மொழி தேவைப்படுகிறது. கைக்குக் கிடைத்த மொழியை எடுத்துக்கொள்கிறார். விமர்சகர்களின் மொழி அவருக்குக் கடன் வாங்கிய சட்டை. உள்ளே இருக்கும் சிரிப்பு மட்டும் சொந்தம்.

2. அடிவாங்கும் கலையின் வயது

மோல்மன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சினிமாவில் கதை சொல்லிச் சிரிக்கவைத்த முதல் படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது லூமியே சகோதரர்களின் 'லாரோஸர் அரோஸே'. தோட்டக்காரர் ஒருவர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னாலிருந்து ஒரு பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆயிற்று என்று தோட்டக்காரர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். பாரிஸ் கிராண்ட் கஃபேயில் 1895 டிசம்பர் 28ஆம் நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு லூமியேக்கள் நடத்திய காட்சியில் காட்டிய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. கேமரா அசையவில்லை, வெட்டு இல்லை. ஒரு மனிதர், அவர் மேல் வந்து படும் ஒரு பொருள், அவ்வளவுதான். சினிமா பிறந்த கொட்டகையிலேயே இந்தச் சிரிப்பும் பிறந்துவிட்டது.

1912இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. விழுகிற போலீஸ்காரர்கள், மோதுகிற கார்கள். சாப்ளின் முதலில் திரைக்கு வந்ததும் அங்கேதான். எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே சிரிப்பு வீடுகளுக்குத் திரும்பியது. வீட்டுக்கு வீடு வீடியோ கேமரா வந்த காலம். ஏபிசி தொலைக்காட்சியின் 'அமெரிக்காஸ் ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்' 1989 நவம்பரில் சிறப்பு நிகழ்ச்சியாக வந்து, 1990 ஜனவரியில் வாரத் தொடராயிற்று. கல்யாணத்தில் கேக்கோடு விழும் மாப்பிள்ளை, மகன் வீசிய பந்து அப்பாவின் கவட்டில் படுவது, இவைதான் சரக்கு. வாரப் பரிசு பத்தாயிரம் டாலர். ஹோமர் கேட்ட தொகையும் விமர்சகர் எரிச்சல்பட்டதும் இதைக் குறித்துத்தான்.

இந்த நிகழ்ச்சியும் சிம்ப்சன்ஸும் சில வார இடைவெளியில் பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். ஒரே பார்வையாளர்களுக்கு எதிரெதிர் கடைகள். சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்களில் ஹார்வர்டில் படித்தவர்கள் பலர், கென் கீலரும் அவர்களில் ஒருவர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எதிர்க்கடையில் ஒரு பந்தும் ஒரு அப்பாவும் போதுமானதாக இருக்கும்போது, நாம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்ற கேள்வி அவர்களுக்கு வராமல் இருந்திருக்காது. அந்தக் கேள்வியைத்தான் மோல்மன் படமாக எடுத்து நடுவர் குழு முன் வைத்தார்கள்.

3. வரைந்த விபத்து

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வீட்டு வீடியோவில் அடிபடுவதற்கு மதிப்பே அது தற்செயல் என்பதால்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பந்து வந்தது, யாரும் திட்டமிடவில்லை. அப்படி நம்பினால்தான் சிரிப்பு.

அசைபடத்தில் தற்செயல் என்று ஒன்று கிடையாது. பந்து எந்தச் சட்டகத்தில் திரைக்குள் நுழைய வேண்டும், எந்தச் சட்டகத்தில் பட வேண்டும், பட்ட பிறகு எத்தனை சட்டகம் கழித்து முனகல் வர வேண்டும் என்று ஒருவர் அட்டவணை போட்டிருப்பார். எழுத்தாளர் அறையில் கதை முடிந்து, குரல் பதிந்து, காட்சிப் பலகை வரைந்து, முக்கியமான நிலைகளை அமெரிக்காவில் முடித்து, இடைப்பட்ட ஓவியங்களுக்காகக் கொரியாவுக்கு அனுப்புவார்கள். பல மாதம் பிடிக்கும் வேலை. மோல்மன் கவட்டில் பட்ட பந்தும் அந்த வழியில் கடல் கடந்து போய்த் திரும்பியிருக்கும்.

ஆக, உலகத்திலேயே மட்டமான நகைச்சுவையை மிகுந்த உழைப்பில், துளி தற்செயல் இல்லாமல் செய்து காட்டியிருக்கிறார்கள். படத்தின் தலைப்பும் அந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான். என்ன நடக்கும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நடக்கிறது. நகைச்சுவைக்குத் திருப்பம் வேண்டும், எதிர்பாராதது வேண்டும் என்று பாடம் நடத்துகிறோம். இங்கே எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வருகிறது. அப்படி வருவதுதான் எதிர்பாராதது. வாக்குக் கொடுத்ததை அப்படியே நிறைவேற்றும் கலைப்படைப்பு அந்த விழாவில் இது ஒன்றுதான்.

4. எண்பது மில்லியன் டாலர் நகைச்சுவை

இதே பகுதியில் இன்னொரு கற்பனை நகைச்சுவைப் படமும் வருகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் மோல்மனின் அருமை தெரியும்.

ரெய்னர் வுல்ஃப்காசல் என்பவர் ஸ்பிரிங்ஃபீல்ட் உலகத்தின் அதிரடி நாயகர். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் அச்சில் வார்த்த பாத்திரம். மெக்பெய்ன் என்ற போலீஸ்காரராகப் பல படங்களில் சுட்டுத் தள்ளியவர். இப்போது சிரிக்கவைக்கப் புறப்பட்டிருக்கிறார். படத்தின் பெயர் 'மெக்பெய்ன்: லெட்ஸ் கெட் சில்லி'. ஜே ஷெர்மனின் நிகழ்ச்சியில் அவரே விளக்குகிறார். ஒன்றரை மணிநேரமும் செங்கல் சுவருக்கு முன்னால் நின்று அவர் பேசுவதுதான் படம். செலவு எண்பது மில்லியன் டாலர்.

ஒரு துண்டும் காட்டுகிறார்கள். ஆண்கள் கழிப்பறை இருக்கையைத் தூக்கியே வைத்துவிட்டுப் போவதைப் பற்றி அரதப் பழசான ஒரு துணுக்கைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் ஜோக் என்று அறிவிக்கிறார். கூட்டத்தில் ஒருவன் கேலி செய்கிறான். நாயகர் பழக்கதோஷத்தில் ஆயுதத்தை எடுக்கிறார்.

செங்கல் சுவருக்கு எதற்கு எண்பது மில்லியன் என்பது ஹாலிவுட் மீதான அடி. அதைக் கடந்துவிடுவோம். அந்த 'அதுதான் ஜோக்' என்ற அறிவிப்பிடம் நிற்க வேண்டும். சிரிப்பு வந்திருந்தால் அறிவிப்பு தேவையில்லை, வராவிட்டால் அறிவித்துப் பயனில்லை. மோல்மன் தலைப்பில் முன்கூட்டியே சொல்கிறார். மெக்பெய்ன் முடிந்த பிறகு சொல்கிறார். இருவருமே விளக்குகிறவர்கள்தான். ஆனால் மோல்மனின் விளக்கம் நம்மைக் காத்திருக்க வைக்கிறது, மெக்பெய்னின் விளக்கம் நம்மிடம் கெஞ்சுகிறது. அதற்கும் மசியாதபோது துப்பாக்கி வருகிறது. சிரிக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் எல்லாமே இந்த வழியில்தான் போகும். ஒன்றரை மணிநேரத்தில் சொல்லத் தெரியாததைச் சில விநாடியில் சொன்னவர் கையில் பணமும் இல்லை, ஆயுதமும் இல்லை.

5. நகையும் அழுகையும்

நம்மிடம் இதைப் பேச ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகையை முதலில் வைக்கிறது, அடுத்து அழுகையை வைக்கிறது. நகை பிறக்கும் களம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளலை உரையாசிரியர் பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொன்று. மடன் என்பதை, பிறர் கொளுத்தியதை, அதாவது கற்பித்ததை, ஏற்றுக்கொண்டு அதைக் கைவிடாமல் இருப்பது என்று விளக்குகிறார்.

அந்த நடுவர் குழுவை இதை வைத்துப் பார்க்கலாம். ஹோமரின் சிரிப்பு எள்ளல். அடிபட்டவர் மோல்மன், பார்ப்பவர் ஹோமர். அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்லும் நிபந்தனை இங்கே பொருந்துகிறது. நகைக்குரிய குறை வலியோ அழிவோ தருவதாக இருக்கக்கூடாது என்கிறார் அவர். கார்ட்டூன் மனிதருக்கு அடுத்த காட்சியில் வலி இருக்காது என்று நமக்குத் தெரியும். ஹென்றி பெர்க்சன் 1900இல் வெளியான 'சிரிப்பு' என்ற நூலில், சிரிக்கும் நேரத்தில் இதயம் சற்றே மரத்துப்போக வேண்டும் என்றார். ஹோமருக்கு அது நன்றாகவே மரத்திருக்கிறது. நம்மில் கவுண்டமணியிடம் செந்தில் உதை வாங்கியதைப் பார்த்துச் சிரிக்காதவர் இருந்தால் ஹோமரைக் கண்டிக்கலாம்.

மடன் யாருடையது? ஹோமருடையது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது ஜே ஷெர்மனுடையது. கற்றுக்கொண்ட தரத்தைக் கைவிடாமல், கண்முன் ஓடும் படம் எதுவானாலும் 'நாறுகிறது' என்று சொல்லிப் பழகியவர் அவர்தான். ஹோமருக்கு யாரும் எதையும் கொளுத்தவில்லை. அவருடையது பேதைமை. பேதைமைக்குள் ஒரு நேர்மை உண்டு.

இப்போது பார்னியின் படத்துக்கு வருகிறேன். 'புகஹான்டஸ்' என்று வாந்தியை வைத்து அசிங்கமான தலைப்பு வைத்திருக்கிறார். படமோ அசலானது. கறுப்பு வெள்ளையில் வேகமாக ஓடும் மேகங்கள், நகரம், ஒரு ரோஜா, நடுவே தன் சீரழிவைத் தானே சொல்லும் குடிகாரன். காட்ஃப்ரி ரெஜியோவின் 'கொயானிஸ்காட்ஸி' பாணியை எடுத்தாண்டிருக்கிறார்கள். அரங்கம் உருகிப்போகிறது. விமர்சகரும் உருகுகிறார்.

ஹோமரும் உருகுகிறார். இனிமேல் பீரைத் தொடவே மாட்டேன் என்கிறார். அந்த நேரம் பார்த்து பீர் விற்பவர் வரிசையில் கூவிக்கொண்டு வருகிறார். பத்து கொடு என்கிறார் ஹோமர்.

இந்தப் பகுதியில் நான் அதிகம் மதிக்கும் இடம் இது. அழவைக்கும் கலை மனிதனைத் திருத்தும் என்று நாமெல்லாம் நம்புகிறோம். அந்தத் திருத்தம் எத்தனை விநாடி நிற்கிறது என்று இங்கே அளந்து காட்டுகிறார்கள். பந்தைப் பார்த்துச் சிரித்த ஹோமர் எந்தச் சபதமும் எடுக்கவில்லை, எதையும் மீறவுமில்லை. சிரிப்பு அவரிடம் கேட்டது சிரிப்பை மட்டும்தான். அதை முழுமையாகக் கொடுத்தார்.

மோல்மனைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. 1993இல் வந்த 'டஃப்லெஸ்' என்ற பகுதியில் இந்தத் தொண்டுகிழவர் தன் வயது முப்பத்தொன்று என்றும், குடிதான் தன்னை இப்படி ஆக்கிவிட்டது என்றும் சொல்கிறார். ஒரு வரி வேடிக்கைதான். அதை நினைவில் வைத்துக்கொண்டு விழாவைப் பார்த்தால், குடியால் அழிந்த இரண்டு பேர் எதிரெதிராக நிற்கிறார்கள். ஒருவர் தன் அழிவைக் கவிதையாக்கினார். இன்னொருவர் அழிந்த உடம்பைப் பந்துக்கு முன்னால் நிறுத்தினார். பேராசிரியர் சொன்ன இரண்டாவது எள்ளலுக்குப் பக்கத்தில் வருவது இது. தன்னைப் பிறர் சிரிக்கத் தானே இடம் கொடுப்பது. எழுத்தாளர்கள் இதைத் திட்டமிட்டார்களா என்பது எனக்குப் பொருட்டில்லை. இரண்டு பகுதிகளையும் பார்த்தவருக்கு இது இருக்கிறது.

6. படத்துக்குள் படம் எதற்கு

அசைபடத் தொடர்களுக்குப் படத்துக்குள் படம் வைப்பதில் தனி மோகம் உண்டு. சிம்ப்சன் பிள்ளைகள் பார்க்கும் 'இட்ச்சி அண்ட் ஸ்க்ராட்ச்சி' என்ற எலி பூனைப் படங்கள் ரத்தக்களரியானவை. கார்ட்டூன் வன்முறை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டைத் தொடர் தானே எடுத்து அங்கே விசாரிக்கிறது. 1997இல் தொடங்கிய 'சவுத் பார்க்'கில் டெரன்ஸும் பிலிப்பும் வாயு விடுவதையே நகைச்சுவையாக்கிய கனடாக்காரர்கள். மோசமான ஓவியம், வாயு விடும் ஜோக் என்று தொடரைச் சிலர் இகழ்ந்ததும், அதை எடுத்தவர்கள் இகழ்ந்தபடியே ஒன்றைச் செய்து உள்ளே வைத்தார்கள். 1999இல் வந்த சவுத் பார்க் திரைப்படத்தில் பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் பார்க்கும் டெரன்ஸ், பிலிப் படம் ஒன்றால் அமெரிக்காவும் கனடாவும் போருக்கே போகின்றன.

இதற்கெல்லாம் மூத்த முன்னோடி ஒரு நேரடித் திரைப்படம். ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'சலிவன்ஸ் ட்ராவல்ஸ்', 1941. நகைச்சுவைப் படங்கள் எடுத்து அலுத்துப்போன இயக்குநர் சலிவன், ஏழைகளின் துயரத்தைப் பற்றிக் கனமான படம் எடுக்க ஆசைப்பட்டு நாடோடியாகக் கிளம்புகிறார். கடைசியில் கைதியாகிறார். ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் கைதிகளுக்குப் படம் போடுகிறார்கள். டிஸ்னியின் 'ப்ளேஃபுல் ப்ளூட்டோ', 1934இல் வந்த கார்ட்டூன். நாய் ஒன்று ஈ பிடிக்கும் பசைத்தாளில் ஒட்டிக்கொண்டு தவிக்கிறது. சங்கிலி பூட்டிய மனிதர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சலிவன், தானும் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார். துயரப்படம் எடுக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறார்.

ஸ்டர்ஜஸ் சிரிப்புக்கு வெற்றி கொடுத்தார். நல்ல படம், ஆனால் தீர்ப்பு சற்று வசதியானது. வேறெதுவும் இல்லாதவர்களுக்குச் சிரிப்பாவது இருக்கட்டும் என்ற தருமப் பார்வை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள் அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. எள்ளலைத் தங்கள் மேலேயே திருப்பவும் தயங்கவில்லை.

ஜே ஷெர்மன் உண்மையில் வேறொரு தொடரின் நாயகர். 'தி க்ரிட்டிக்' என்ற அந்தத் தொடர் 1994இல் ஏபிசியில் தொடங்கி, 1995 மார்ச்சில் ஃபாக்ஸுக்கு மாறியது. அதற்கு ஆள் சேர்க்கத்தான் அவரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வரவழைத்தார்கள். யோசனை தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸுடையது. சிம்ப்சன்ஸை உருவாக்கிய மேட் க்ரெய்னிங் இது முப்பது நிமிட விளம்பரம் என்று கோபப்பட்டு, இந்தப் பகுதியிலிருந்து தன் பெயரையே நீக்கிவிட்டார். அந்தச் சண்டையும் படத்துக்குள் இருக்கிறது. தொலைக்காட்சியில் இரண்டு பழைய கார்ட்டூன்கள் சேர்ந்து வருவதைக் கண்டு, மலிவான கூட்டு நிகழ்ச்சி நாற்றம் அடிக்கிறதே என்று ஹோமரின் மகன் பார்ட் முணுமுணுக்கிறான். உடனே ஜே ஷெர்மனை அறிமுகப்படுத்துகிறார்கள். விளம்பரமாகப் பிறந்த பகுதி, தான் விளம்பரம் என்று ஒப்புக்கொண்டு, காசுக்கு விலைபோகும் நடுவர்களைப் பற்றிக் கதை சொன்னது.

7. ஓட்டு

முதலாளி பர்ன்ஸ் நடுவர்களை விலைக்கு வாங்கிவிட்டார். மேயர் அவர் படத்துக்கு ஓட்டுப் போடுகிறார். கோமாளி க்ரஸ்டியும் போடுகிறார். அந்தப் படம் தன்னை நெகிழவைத்தது, பெரிய வீட்டுக்கு நகரவும் வைத்தது என்பது அவர் கொடுக்கும் காரணம். நடுவர்களில் சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவர் இவர் ஒருவர்தான் என்பதை மறக்காதீர்கள். அவர் மோல்மன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொழில்முறைச் சிரிப்புக்கு விலை உண்டு.

மார்ஜும் விமர்சகரும் பார்னிக்கு. இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஓட்டு ஹோமருடையது. அவருக்கோ மோல்மன்தான். பார்னியின் படத்தில் இதயம் இருக்கிறது, சரி, ஆனால் கவட்டில் பந்து என்ற படத்தில் கவட்டில் பந்து இருக்கிறதே என்பது அவர் வாதம். சிரிப்பதற்கு எழுதிய வரி. ஆனால் அதைவிட நேர்மையான திறனாய்வு வரி அந்தக் குழுவில் வேறு யாரும் சொல்லவில்லை. ஒரு படைப்பு எதைத் தருகிறேன் என்றதோ அதைத் தந்ததா? தந்தது. அதற்கு மேல் என்ன என்று கேட்கிறார்.

பிறகு மறுபடி யோசித்துப் பார்னிக்கு ஓட்டுப் போடுகிறார். தன் சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொன்றின் தகுதியை ஒப்புக்கொள்கிறார். பேதைக்கு இது பெரிய அடி, வளர்ச்சி என்றும் சொல்லலாம். நல்ல படம் வென்றது, விலைபோன ஓட்டு தோற்றது. பாடநூலாக இருந்தால் இங்கே முடித்திருப்பார்கள்.

இவர்கள் முடிக்கவில்லை. பரிசு அறிவிக்கப்படுகிறது. ஆயுள் முழுவதும் டஃப் பீர். குடியை விடப்போகிறேன் என்று மேடையில் சொன்ன பார்னி, குழாயை நேராக நரம்பிலேயே பொருத்துங்கள் என்கிறார். நியாயமான தீர்ப்பு அந்த மனிதரை எங்கிருந்து வந்தாரோ அங்கேயே கொண்டுபோய் விட்டது. பார்னியின் படத்தை எல்லோரும் பார்த்து அழுதார்கள். அது என்ன சொன்னது என்று பரிசு கொடுத்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

பர்ன்ஸ் விடுவாரா? ஆஸ்கருக்குப் போகிறார், அங்கே எல்லோருக்கும் லஞ்சம் கொடுக்கிறார், தோற்கிறார். வெல்பவர் ஜார்ஜ் சி. ஸ்காட். படம் 'மேன் கெட்டிங் ஹிட் பை ஃபுட்பால்'. மோல்மனின் படத்தைப் பெரிய நடிகரை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். திரையில் அந்த மாபெரும் நடிகர் பந்தடி பட்டுக் கதறுகிறார்.

ஏன் ஸ்காட்? 'பேட்டன்' படத்துக்காக 1971இல் கிடைத்த சிறந்த நடிகர் ஆஸ்கரை வேண்டாம் என்று மறுத்தவர் அவர். நடிகர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவது தனக்கு உவப்பில்லை என்பது அவர் நிலைப்பாடு. போட்டியையே ஏற்காத மனிதருக்கு, கவட்டில் பட்ட பந்துக்காகப் பரிசைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். விருது எந்தப் படத்துக்குப் போக வேண்டும் என்ற வாதம் முழுவதையும் ஒரே வெட்டில் கவிழ்த்துவிடுகிறது இந்தத் தேர்வு.

இன்னொரு செய்தி, இதைக் கேட்டபின் மறுபடி அந்தப் பகுதியைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஹோமருக்குக் குரல் கொடுப்பவர் டான் காஸ்டெல்லனெட்டா. பார்னிக்கும் அவரே. மோல்மனுக்கும் அவரே. மேயர் குவிம்பிக்கும் கோமாளி க்ரஸ்டிக்கும் அவரே. ஐந்து நடுவர்களில் மூன்று பேர், போட்டியிட்ட முக்கியமான மூன்று படைப்பாளிகளில் இரண்டு பேர், ஒரே தொண்டை. அடிபட்டு முனகியதும் அதைக் கேட்டுச் சிரித்ததும் பக்கத்தில் நின்று அழவைத்ததும் விலைபோனதும் ஒரே மனிதர். சிரிக்கும் ரசிகன் வேறு, அழும் ரசிகன் வேறு என்று நாம் பிரித்துவைப்பதற்கு இதைவிடக் கச்சிதமான மறுப்பு எனக்குத் தெரியாது.

8. திறனாய்வாளர்களுக்கு

இலக்கியம் படிப்பவர்கள் மத்தியில் இதைச் சொல்ல எனக்கு ஒரு நோக்கம் உண்டு. ஹாலிவுட்டில் சிறந்த படத்துக்கான விருது முழு நகைச்சுவைப் படங்களுக்கு அரிதாகத்தான் போயிருக்கிறது. முழுநீள அசைபடங்களுக்கு ஆஸ்கர் தனிப் பிரிவு தொடங்கியதே 2001ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். சிரிப்பு என்றால் ஒரு படி கீழே, கார்ட்டூன் என்றால் இன்னொரு படி கீழே. அப்படி இரண்டு படி கீழே இருந்துகொண்டுதான் இந்தத் தொடர் நடுவர் குழுக்களை விசாரித்தது.

பந்தடிப் படமே உயர்ந்தது என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஹோமரை மனம் மாறவைத்திருக்காது. 2006இல் வந்த மைக் ஜட்ஜின் 'இடியாக்ரஸி' படத்தைப் பாருங்கள். எதிர்கால அமெரிக்கா முட்டாள்களின் நாடாகிவிட்டது, அங்கே கவட்டில் அடிபடுவதே தொலைக்காட்சியின் தலைசிறந்த நிகழ்ச்சி. அந்த ஆபத்தும் உண்மைதான். சிரிப்பவன் மட்டுமே நடுவராக உட்கார்ந்தால் அங்கேதான் போய்ச் சேருவோம். படித்தவன் மட்டுமே உட்கார்ந்தால், அழுதுமுடித்து, அழவைத்தவன் கையில் பீர்க் குழாயைக் கொடுத்துவிட்டு, கலை வென்றது என்று வீட்டுக்குப் போவோம்.

ஒரு நகைச்சுவைப் படைப்பை எடுத்துக்கொண்டு இதில் சமூகப் பார்வை எங்கே, ஆழம் எங்கே என்று தேடுவது நம் வழக்கம். கிடைத்தால் சிரிப்பை மன்னித்துவிடுகிறோம். கிடைக்காவிட்டால் பட்டியலில் சேர்ப்பதில்லை. சிரிப்பை அதன் தொழிலை வைத்து அளக்கப் பழக வேண்டும். எங்கே காத்திருக்க வைத்தது, எந்த நொடியில் அடித்தது, யாரை எள்ளியது, எள்ளியவன் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டானா? மோல்மன் படம் இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்கிறது. மெக்பெய்ன் படம் ஒன்றுக்கும் சொல்லாது. இரண்டையும் 'வெறும் காமெடி' என்று ஒரே மூட்டையில் கட்டும் விமர்சனத்துக்கு, ஹோமர் அளவுக்குக்கூடக் கண் இல்லை.

அடுத்த முறை உங்களில் யாராவது ஒரு பரிசுக்குழுவில் உட்கார நேர்ந்தால், ஐந்தாவது ஓட்டை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். அந்த ஆள் வாய்விட்டுச் சிரிக்கக்கூடியவராகவும், சிரித்த பிறகு மறுபடி யோசிக்கக்கூடியவராகவும் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒருவரிடம் கிடைத்தால், அவர் பட்டம் பெற்றவரா என்று விசாரிக்க வேண்டாம்.